ஜாக்கி இறங்கிய இரவு

புந்தா அரேனாசில் காற்று மூர்க்கமானால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்
மனிதர் பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு ஊரில்
ஒன்றரை டன் பிக்கப்பைத் தூக்கி நிறுத்தி
அடியில் மல்லாந்து படுக்கிறேன்.

கடல் உப்பு சைலன்சரைத் தின்றுவிட்டது.
நான் வருவது நான்கு தெருவுக்குக் கேட்கிறது.
மெக்கானிக் சொன்ன தொகைக்கு
இரண்டு மாதம் ஆட்டிறைச்சி வாங்கலாம்.

முதலில் முட்டுக்கட்டை.
பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
"டானிட்சா எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுவாள்"
என்று சொல்லிச் சொல்லியே
ஓர்லாந்தோ வடக்கே போய்விட்டான்.
போகட்டும்.
நான்கும் லெங்கா மரம், நானே அறுத்தவை.

முற்றம் முழுக்கச் சரளை.
கால் புதையாமலிருக்கத் தடித்த பலகை,
பலகைமேல் ஸ்டாண்ட்.
தூக்கத்தான் ஜாக்கி,
தாங்க அல்ல.
அதன் வயிற்றில் இருப்பது எண்ணெய்,
எண்ணெய்க்கு எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும்.
ஸ்டாண்டின் பல்லும் பல்லும் கடித்துக்கொண்ட பின்
வண்டியைத் தோளால் இடிக்கிறேன்,
வம்புக்கு இழுப்பவள் மாதிரி:
விழுவதானால் இப்போதே விழு.
நான் வெளியே நிற்கிறேன்.

விழவில்லை.
ரொட்டிக்கடை மிர்த்தாவுக்கு ஒரு செய்தி:
"உள்ளே போகிறேன். அரை மணியில் நான் அழைக்காவிட்டால் நீ அழை.
எடுக்காவிட்டால் ஓடி வா."
அவள் அனுப்புவது எப்போதும் ஒரு கட்டைவிரல்,
மாவு ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வேலிக்கு அப்பால் உலிசெஸ் பாரியா.
வண்டியோடு இலவசமாக வந்த கத்தரி ஜாக்கி,
அதை மட்டும் நம்பி இடுப்புவரை உள்ளே.
கத்தினேன்.
"அஞ்சே நிமிஷம்" என்றன
வெளியே தெரிந்த இரண்டு பூட்ஸ்.
அஞ்சு நிமிஷமா, அம்பதா,
இரும்புக்கு எண்ணத் தெரியுமா?

துருப்பிடித்த போல்ட் பாதியில் முறிந்தது.
கடை மூடியாயிற்று.
வண்டி தூக்கியபடியே இரவு கழிந்தது.
படுக்கையில் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்,
தகரம், கம்பி, யாருடையதோ ஒரு வாளி.
வேறெதுவும் கேட்கவில்லை.

காலையில் ஜாக்கி நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.
சரளையில் எண்ணெய்,
ஒரு நாணயத்தளவு.
விழுவதென்றால் சத்தம் வரும் என்றுதான்
இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன்.
ஸ்டாண்ட் இரண்டும் இரவெல்லாம்
யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கின்றன.
நடுவே, காற்றுப் படாத இடம் பார்த்து,
தெருநாய் ஒன்று
மூக்கை வாலுக்குள் செருகித் தூங்குகிறது.

கொஞ்சநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்,
ஈரச் சரளையில்.
பிறகு எழுந்து ஸ்டெப்னியையும்
சட்டத்துக்கு அடியில் படுக்கப்போட்டேன்.
ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டும்.

மதியத்துக்குள் புதுக்குழாய் ஏறியது.
இறக்கும் முன் குனிந்து பார்த்தால்
மறுபடி அவன்.
கூப்பிட்டேன், திட்டினேன்,
ஒடித்து வைத்த ரொட்டிக்குத்தான் வெளியே வந்தான்.
மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய ஜாக்கியால்
ஒரு நூல் உயர்த்தி, ஸ்டாண்டை உருவி,
மெல்ல, மெல்ல.
நான்கு சக்கரமும் தரையைத் தொட்டபோது
நாய்க்கு அங்கே இடமில்லை.

வேலி ஓட்டை வழியாகப் போனான்.
உலிசெஸின் கார் இன்னும் உயரத்தில்,
அதே கத்தரி ஜாக்கிமேல்;
அஞ்சு நிமிஷம் இரண்டாம் நாளாகியிருந்தது.
அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி
நாய் படுத்துவிட்டது.

கைக்கொன்றாக ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.
உலிசெஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையிலிருந்த துணியால்
ஏற்கெனவே சுத்தமான ஸ்பேனரைத் துடைத்தான்.
"உனக்கில்லை, அவனுக்கு" என்றேன்.
பலகையையும் கேட்டான்.