மாவட்டக் கையேடு, பக்கம் நாற்பத்தொன்று

பரப்பு, மழையளவு, எழுத்தறிவு,
கால்நடை (கோழிக்குத் தனி வரி).
அதையெல்லாம் தாண்டினால் என் பக்கம்.
குடிநீர். பதினோரு கட்டங்கள்.
மாதம் ஒன்பதாயிரத்துக்கு
அவற்றை நிரப்புகிறவன் நான்.

அனாஸ் ஆற்றுக்கு அப்பால்
பைக் சூடேறி நின்றுவிட்டது.
மிச்ச மேட்டை நடந்தேன்.
டெக்ரி ஃபலியா. பட்டியலில் இருபத்துமூன்று வீடுகள்.
ஒன்பதில் பூட்டு:
மோர்பிக்கு ஓடு சுடப் போயிருக்கிறார்கள்.
பூட்டிய வாசலிலும் குழாய் உண்டு,
நீல உடம்பு, பித்தளை மூக்கு, வரிசை எண்.
ஒன்றில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

அடிபம்புக்குச் சிவப்பு அடித்திருந்தது.
சிவப்பென்றால் குடிக்காதே.
வேறெதைக் குடிப்பதென்று
அடித்தவர்கள் எழுதிவிட்டுப் போகவில்லை.
எட்டு வயதுப் பல்லிலும் பழுப்புக் கோடு.

செயலி அதிகம் கேட்பதில்லை.
குழாய், குடும்பத் தலைவி, விழும் நீர்,
மூன்றும் ஒரே படத்தில்.

மோட்டார் எரிந்து நாற்பது நாள், என்றாள் ரும்லி டாமோர்.
அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
ஓடை மணலைத் தோண்டித்
தம்ளர் தம்ளராக மொண்டு வந்த குடத்தை
அப்போதுதான் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

நான்தான் சொன்னேன்.
மேலே, இணைப்பு கழன்ற இடத்தில்
ஒரு குடம் ஊற்றினால் போதும்,
இரண்டு நொடி, படத்துக்கு மட்டும்.

சும்மா நின்றாள் கொஞ்ச நேரம்.
பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.
கீழே மகள் கெந்தி சட்டியோடு.
குழாய் இருமியது. காற்று. துரு.
பிறகு, நிஜமாகவே, தண்ணீர்.

கெந்திக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
வந்துவிட்டது வந்துவிட்டது என்று
சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள் வீடு வீடாக.
மக்காச்சோளம் உதிர்த்த கையோடு பெண்கள் வந்தார்கள்,
அலுமினியம், பிளாஸ்டிக், பெயிண்ட் டப்பா,
ஒருத்தி கைக்குழந்தையின் கால் கழுவ.
வரிசையில் இடத்துக்குச் சண்டைகூட வந்தது.

மேட்டில் ரும்லி, காலிக் குடத்தோடு.
கீழே நான், கைபேசியோடு.
முதலில் யார் பேசுவது?

பெண்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.
ரும்லி வந்து சட்டியில் தேங்கியதை
மறுபடி குடத்தில் ஊற்றிப் பார்த்தாள்.
கழுத்தளவு இருந்தது இப்போது இடுப்பளவு.
“குறைஞ்சதை எழுதிக்கோ,” என்றாள்.

ஆளுக்கு ஐம்பத்தைந்து லிட்டர் என்று
எழுத இடமிருக்கிறது.
நீர் தொடர்ந்து வருகிறதா,
ஆம் அல்லது இல்லை, இடமிருக்கிறது.
அரைக்குடம் கடன் என்று எழுத
பதினோரு கட்டத்திலும் தேடினேன்.

பைக்கிடம் வந்த பிறகுதான் ஞாபகம்,
பையில் ஒரு லிட்டர் பாட்டில்,
முக்கால்வாசி மிச்சம்.
திரும்பி ஏறலாம், இருபது நிமிடம்.
குடித்தேன்.
சிக்னல் கிடைத்தது. படம் ஏறியது.
வரைபடத்தில் டெக்ரி ஃபலியா
பச்சைப் புள்ளி.