எட்டுக் கால்

சூடேறினால் நின்றுவிடும்.
காலையில் ஒரே திருகில் பிடிக்கும்,
செம்பனை லாரிகளின் பின்னால்
பதினெட்டுக் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும்,
பிறகு மஞ்சள் விளக்கு,
ஒரு விக்கல்,
ரோட்டோரப் புல்.

அரை மணி நேரம் ஆறவிட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.
அதற்குள் கோலசிலாங்கூர் பதிவிலாகாவில்
செங்கமலத்தின் எண் வந்து போயிருக்கும்.

இரண்டு தடவை இப்படி.
முதல் தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் தடவை, புல்லில் நின்றபடியே,
பைலைப் பிரித்துத் தாள்களை எண்ணினாள்:
பால் கணக்குப் புத்தகத்தில் அப்பாவின் பெயர்,
ஆறாம் வகுப்புச் சான்றிதழ்,
தடுப்பூசி அட்டையில் கரையான் விட்ட பாதி.
இந்தத் தோட்டத்தில் பிறந்து நாற்பத்திரண்டு வருடம்.
அடையாள அட்டை இன்னும் சிவப்பு.

குணாளன் பிளக்கை மாற்றினான், காயிலை மாற்றினான்,
பெட்ரோல் பம்பையும் மாற்றிவிட்டு
"இதுலயும் சரியாகலன்னா என் பேர மாத்திக்கிறேன்" என்றான்.
சரியாகவில்லை.
பேர் மாற்றுவது இங்கே பெரிய காரியமுமில்லை.
பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதி
எத்தனையோ வருடமாச்சு,
எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

கடைசியில்தான் சந்தேகம் அந்தப் பெட்டிமேல் போனது.
பேட்டரிக்குப் பக்கத்தில்,
ஒரு டிபன் டப்பா அளவு அலுமினியம்.
என்ஜின் ஓட ஓட,
முடிதிருத்தும் கடையில் இரவல் வாங்கிய ஹேர் டிரையரால்
அதற்கு மட்டும் சூடு காட்டினான்.
நாலாவது நிமிடம் வண்டி செத்தது.
"மூளைதான்," என்றான், ஜெயித்தவன் மாதிரி.

மாற்றுப் பெட்டி கிள்ளானிலிருந்து வந்தது.
லாரியில் மோதி நொறுங்கிய இன்னொரு பெர்சோனாவுடையது.
முந்நூற்றெண்பது வெள்ளி.
மாட்டினான். சாவியைத் திருகினேன்.
ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
டேஷ்போர்டில் சின்னதாய் ஒரு சிவப்புப் பூட்டு
மினுக் மினுக்கென்று.

"உன் சாவியத் தெரியலங்குது."

ஒன்பது வருடமாக இதே சாவி,
இதே சீட்டில் என் முதுகு போட்ட பள்ளம்.
பெட்டிக்கு அதெல்லாம் கணக்கில்லை.
கிள்ளானில் யாரோ ஒருத்தர் சாவியோடு வந்தால்
உடனே எழுந்து நிற்கும்.

குணாளன் பழைய பெட்டியைத் திறந்தான்.
பூதக்கண்ணாடிக்குக் கீழே
அரிசிமணி அளவில் கறுப்பாய் ஒரு சில்லு,
பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால்.
"உன்னைப் பத்தி இதுக்குத் தெரிஞ்சதெல்லாம் இதுலதான்."
மூச்சை அடக்கிப் பெயர்த்தெடுத்தான்,
புதுப் பெட்டியில் அதே இடத்தில் வைத்து
ஒவ்வொரு காலாக ஈயம் தொட்டான்.
ஏழாவது காலில் அவன் புருவத்தில் ஒரு கொசு.
நான் ஊதினேன்.

செங்கமலம் கோப்பி ஐஸ் பொட்டலத்தை உறிஞ்சியபடி
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எனக்கும் ஒன்னு அப்படி ஒட்டிவிடேன் தம்பி."
குணாளன் சிரித்தான்,
சிரித்திருக்கக் கூடாதோ என்று
கையிலேயே இருந்த ஸ்பேனரைத் தேடினான்.

பிடித்தது.

மூன்றாம் தடவை அந்தப் புல்லைத் தாண்டும்போது
இருவரும் பேச்சை நிறுத்தி மீட்டரைப் பார்த்தோம்.
பதிவிலாகா வாசலில் அவளை இறக்கிவிட்டு
என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்,
அணைத்தால் மறுபடி என்னைத் தெரியாமல் போய்விடுமோ என்று.
ஒன்றரை மணி நேரம் பெட்ரோல் எரிந்தது.
காவலாளி இரண்டு தரம் கண்ணாடியைத் தட்டினார்.

வந்தாள். பைல் அதே பருமன்.
"பொறந்தப்ப கூட இருந்தவங்க யாராச்சும்
நேர்ல வந்து சொல்லணுமாம்."
யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
அவள் கைநீட்டி ஏசியை இரண்டில் வைத்தாள்.

ஊர் வரைக்கும் வண்டி
ஒரு தரம்கூட நிற்கவில்லை.