வத்துர எப்பா

வைகாசி மழைக்குப் பயந்து
கற்றாழையை பல்கனியிலிருந்து உள்ளே எடுத்தேன்.
நாலு மாதம்
வோஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது.
பாவமென்று தினமும் ஒரு கோப்பை தண்ணி.
பாவம்தான் கொன்றது.

புரட்டாசியில் தூக்கினால்
தொட்டி கனத்தது, செடி கனக்கவில்லை.
இலைகள் ஊறிய சவர்க்காரமாய் வழுக்கிக்
கையோடு வந்தன.

லிப்ட் திருத்த வந்த பெடியன்
கிறீஸ் விரலால் மண்ணைக் குத்திப் பார்த்தான்.
"வத்துர எப்பா, மிஸ்."
தண்ணி வேண்டாமாம்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல்
குறட்டைத் தேடிப் போய்விட்டான்.

பாண் வெட்டும் கத்தியால் அழுகலை அரிந்தேன்.
மிஞ்சியது ஒரு சாண்,
வேரென்று சொல்ல இரண்டு நூல்.
பழைய கரண்ட் பில்லின் மேல் மூன்று நாள் காய்ந்தது.
பக்கத்து வளவில் எழும்பும் தொடர்மாடியிலிருந்து
இரண்டு பை மணல், கேட்டுத்தான் எடுத்தேன்.
மாஜரின் டப்பாவின் அடியில் ஐந்து ஓட்டை.

பிறகு சும்மா இருப்பது.
அதுதான் கஷ்டம்.
கை தானாகக் குழாய்க்குப் போகும்,
பிடித்து இழுத்து
கோப்பையைக் கழுவி வைப்பேன்.

இன்று பதினேழாம் நாள்.
வெள்ளவத்தை ஸ்டேஷனை விட்டு ஆறே கால் ரயில் கிளம்ப
பல்கனிக் கம்பி அதிர்ந்தது.
செடியை மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

வரவில்லை.