எழுத்துக்கு இரண்டரைப் பென்ஸ்

உட்கார், டாரண்ட். உளியைக் கீழே வை.
கல் நன்றாகத்தான் இருக்கிறது,
அவர் முகத்தைவிட வெளுப்பு.
பாதிரியார் எழுதித் தந்த தாள் இது,
இருபத்திரண்டு வரி.
எழுத்துக்கு இரண்டரைப் பென்ஸ் என்றாய்.
கூட்டிப் பார்த்தேன்,
கறவைப் பசு ஒன்றின் விலை வருகிறது.
கொஞ்சம் கழிப்போம்.

‘ஜெர்வாஸ் தொர்ன்பி, எஸ்கொயர்.’
இருக்கட்டும்.
பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு,
அவையும் இருக்கட்டும்.
அவர் யாரையும் கேட்காமல் செய்யாதவை
அவை இரண்டும்தான்.

‘இருபத்தாறு ஆண்டுகள் பாராளுமன்றத்தில் முழங்கினார்.’
முழங்கினாரா?
ஒரே ஒரு முறை எழுந்தார், டாரண்ட்,
மூன்று வாரம் என்னிடம் ஒப்பித்துவிட்டு.
மால்ட் வரியைப் பற்றி.
இரண்டாம் வாக்கியத்தில் யாரோ இருமினார்கள்.
சிரிப்பென்று நினைத்து
உட்கார்ந்துவிட்டார்.
அன்றிரவு லண்டன் வீட்டில்
பூட்ஸோடு தூங்கினார்.
நான்தான் கழற்றினேன்.
விரல்கள் ஐந்தும் சில்லிட்டுக் கிடந்தன,
பள்ளியில் அடிவாங்கிய பையனுடையவை போல.
‘முழங்கினார்’ வேண்டாம்.
‘இருந்தார்’ போதும்.

‘மக்கள் தேர்ந்தெடுத்த’ என்று ஒரு சொல்.
மக்கள் மொத்தம் பன்னிரண்டு பேர்.
ஆளுக்கொரு பீப்பாய் பீர், ஒரு பன்றித்தொடை,
கூரைக்கு வைக்கோல்.
பதினொருவர் நன்றி மறக்கவில்லை.
பீப்பாய் செய்கிற ப்ரிடில் மட்டும்
பீரைக் குடித்துவிட்டு
ஓட்டை அந்தப்பக்கம் போட்டான்.
ஊரில் அவனைத்தான் கடைசிவரை மதித்தார்.
மதித்துக்கொண்டே
அவன் குத்தகையைப் பறித்தார்.

‘தரிசைத் திருத்திப் பொன் விளைவித்தார்.’
தரிசா அது?
ஊர்ப் பொதுப்புல்.
அந்த மசோதாவுக்கு அவர் பேச வேண்டியிருக்கவில்லை,
இருந்த இடத்திலிருந்து தலையசைத்தால் போதும்.
அளவைச் சங்கிலி வந்தது, முள்வேலி வந்தது,
ஒரே மாசியில் ஏழு மைல்.
உன் அம்மாவுக்கு எத்தனை வாத்து அங்கே மேய்ந்தது?
பதினாலா?
எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம்.
சந்தைக்கு அவள் ஓட்டிப்போன அன்று
என் வண்டி
அவற்றுக்கு வழிவிட்டு நின்றது.

அடியில் இது என்ன? ‘அவர் அன்பு மனைவி லெட்டிஸ்.’
எடுத்துவிடு.
ஆற்றோரப் புல்வெளி முழுக்க
என்னோடு சீதனமாய் வந்தது, அதை ஒருவரும் எழுதவில்லை.
நான் வேறு இன்னும் சாகவில்லை.

‘குடியானவர்களின் அன்புக்குரியவர்.’

ஏன் உன் கை நின்றது?
சொல்ல வேண்டாம் என்றேனே.
கோடு கிழித்துவிட்டேன், பார்.
கணிசமாக மிச்சம்.

ஒன்று சொல்கிறேன், இது கல்லுக்கு அல்ல.
கடைசி மாதம், வீங்கின காலை முக்காலியில் நீட்டி,
ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.
வெகுநேரம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.
‘லெட்டி, வெளியே ஏன் சத்தமே இல்லை?’ என்றார்.
பதினாறு வருடம் கழித்துக் கேட்கிறவரிடம்
என்ன சொல்ல?
காற்றில்லை என்றேன்.
நம்பினார். போர்வையை இழுத்துவிட்டேன்.

ஆக, மூன்று வரி.
மேலே குலச்சின்னம் வரும்,
அன்னப்பறவை,
அவர் தாத்தா காசு கொடுத்து வாங்கியது.
அதற்கு எழுத்துக்கணக்கு இல்லை அல்லவா?
அதே கூலிக்கு எனக்கு வாத்தாகச் செதுக்கிக் கொடு.
பாதிரியாருக்குக் கண் மங்கல்,
மற்றவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.
பார்ப்பவர்களுக்குத் தெரியும்.
பெரிய மாற்றம் ஒன்றுமில்லை, டாரண்ட்.
கழுத்தை மட்டும்
கொஞ்சம் குறைத்துக்கொள்.