முழங்காலளவு கடல்

லூடெரிட்ஸில் மண்ணைத் தோண்டினால்
வைரமா என்றுதான் கேட்பார்கள்.
நான் தோண்டியது ஒரு வாய்க்கால்.
அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல்,
முழங்காலளவு அட்லாண்டிக்.
அலை எழும்பக் கூடாதாம்.

யெப்பெ, பலகையில் பாய் நட்டவன்.
நோல்வென், பட்டத்தில் தொங்குபவள்,
இடுப்பில் எட்டுக் கிலோ ஈயம்.
பிறகு அந்த இருவர் படகு:
வலது கையால் மட்டும் எழுதத் தெரிந்தவனைப் போல
ஒரே பக்கம்தான் ஓடும்.

மீன் டப்பாவைத் திறந்தபடி யெப்பெ சொன்னான்:
உறைந்த ஏரியில் கத்திமேல் ஓடும் வண்டி உண்டு,
உப்புத் தரையில் சக்கரப் பாய்வண்டி உண்டு.
இரண்டும் எங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.
பனி விட்டுவிடும், உப்பு விட்டுவிடும்,
தண்ணீர்தான்
காலைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்கும்.

முப்பது நாட். போதாது.
முப்பத்திரண்டு. போதாது.
ஊரில் கூரைத் தகரம் பறக்கிறது,
இவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் நாற்பத்தாறு.
முதல் ஓட்டத்திலேயே யெப்பெயின் கணுக்கால் போயிற்று.
படகுக்காரர்கள் கயிற்றுச் சிக்கலோடு
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
நோல்வென் போனாள்.

பார்த்தேன் என்று சொல்ல முடியாது.
வலப்பக்கம் இருந்தாள்,
பிறகு இடப்பக்கம் இருந்தாள்.
காற்றிடமே கடன் வாங்கிக்
காற்றையே முந்திய
பதினேழு வினாடி சொச்சம்.

தேடி வந்த எண்ணுக்கு
நூறில் ஏழு நாட் குறைவு.

நேராக என் இயந்திரத்துக்கு வந்தாள்,
கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.
ஹிஸ்கியா, முந்நூறாவது மீட்டரில் என்ன?
பாறை, என்றேன். வாளியின் பல் உடைந்தது,
சுற்றிக்கொண்டு போனேன். ஒரு சாண் வளைவு.
யாரும் அளக்கவில்லையே.
என் குதிகால் அளந்தது, என்றாள்.

அன்றிரவு கடப்பாரை, சம்மட்டி, டார்ச்.
விடியும்வரை உடைத்தேன்.
கூடுதல் வேலைத் தாளில் எழுதவில்லை.

அதன்பின் காற்று இருபத்தைந்தைத் தாண்டவே இல்லை.
அனுமதி முடிந்தது. பட்டத்தை மடித்தார்கள்.
கைகுலுக்கும்போது அவளிடம் பாறையைப் பற்றிச்
சொல்ல வாயெடுத்தேன்,
யாரோ காரில் ஹாரன் அடித்தார்கள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
துறைமுகத்தில் கிரேனை நிறுத்தச் சொன்னார்கள்.
ஐம்பது நாட்.
சாப்பாட்டு நேரத்தில் வாய்க்கால் பக்கம் போனேன்.
பாதி மணல் மூடியிருந்தது. ஆள் இல்லை.
எங்கிருந்தோ ஒரு காலி சிப்ஸ் பொட்டலம்
வந்து விழுந்து
நீரைத் தொட்டுத் தொட்டு ஓடியது.
முந்நூறில் தயங்கவே இல்லை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்று.
மோசமில்லை.