ஏரிக்குள் ஒரு செம்புத் தகடு

செப்டம்பரில் நான்தான் இணைத்தேன்,
வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.
நான்கு பேட்டரி, கூரையில் மூன்று சூரியத் தகடு,
தடித்த சிவப்பு வயரில் பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ்.
இன்வெர்ட்டரின் முதுகில் எர்த் திருகு மட்டும் காலி.
கம்பி அடித்துப் பார்த்தேன், முழங்கை ஆழத்தில் வளைந்தது.
வெர்ஹோயன்ஸ்க் மண் கோடையிலும் அதற்குக் கீழே உருகாது.
பிறகு பார்க்கலாம் என்று
வெண்ணெய் அப்பம் இரண்டு தின்றுவிட்டுப் போனேன்.

ஏப்ரலில் எர்ச்சிமென் கூப்பிட்டான்:
கொதிகலன் பம்ப் கடிக்கிறதாம்.
எப்படிக் கடிக்கிறது?
"கையுறையோடு தொட்டால் ஒன்றுமில்லை.
கழற்றினால் எறும்பு.
ஈரக் கையென்றால் நாய்."

பனிவண்டியில் ஐந்து மணி நேரம்.
கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல்
டிரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
படக்கென்று விழுந்தது.
"நல்லாத்தானே இருக்கு" என்றேன்.
சொல்லிக்கொண்டே மீட்டரின் ஒரு முனையைப் பம்பின் உடம்பில்,
மறுமுனையைக் கொதிகலன் இரும்பில் வைத்தேன்.
நடுவே இருந்தது பிளாஸ்டிக் குழாய்தான்.
நூற்றுப் பதினொன்று.

அந்தப் பொத்தான்
தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ளும்.
ஏழு மாதம் அதை நம்பி ஒரு வீடு தூங்கியிருக்கிறது.

கையேடு சீன மொழியில்.
பதினான்காம் பக்கத்தில் ஒரு படம்:
நியூட்ரலிலிருந்து எர்த் திருகுக்கு ஒல்லியாக ஒரு கோடு,
அதைச் சுற்றி ஒரு வட்டம்.
இங்கே. இங்கே மட்டும்.

எர்ச்சிமெனுக்குச் சொன்னேன்:
மின்சாரம் மண்ணைத் தேடி அலைவதில்லை.
புறப்பட்ட பெட்டிக்கே திரும்பப் பார்க்கும்.
நாம் வழி போடாவிட்டால் உன் கைதான் வழி.
"என் குதிரைகளும் அப்படித்தான்" என்றான்.
இல்லை, குதிரை வழியில் நின்று மேயும்.

சாராயம் காய்ச்சிய செம்புப் பானை ஒன்று
ஓட்டை விழுந்து கொட்டகையில் கிடந்தது.
அதைத் தட்டித் தகடாக்கினோம்.
ஏரி நாற்பது அடி தூரம், பனிக்கட்டி என் மார்பளவு.
அவன் துளையிட்டான்.
தகட்டை இறக்கும் முன் தண்ணீருக்கு ஒரு துண்டு அப்பம் போட்டான்.
நான் கம்பியின் முடிச்சை இரண்டாம் முறை இறுக்கினேன்.
அடிச்சேற்றில் அது உட்கார்ந்தது கைக்குத் தெரிந்தது,
குளிர்காலம் முழுக்க உறையாத சேறு.

பிறகு அடுப்பைத் தணித்தோம்.
வெளியே மைனஸ் இருபத்துநாலு.
பம்ப் நின்றால் குழாய்கள் வெடிக்க
நாற்பது நிமிடம் என்று அவன் கணக்கு.
சுவிட்ச். ஃபியூஸ். பேட்டரியின் கறுப்பு வயர்.
ஆனால் அணைத்த பெட்டிக்குள்ளும் சற்று நேரம் உயிர் இருக்கும்.
ஐந்து நிமிடம், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
இருவரும் அதைப் பார்த்து நின்றோம்,
கொட்டாவி விடும் கரடியைப் பார்ப்பது போல.

பச்சை மஞ்சள் வயர்:
பம்பின் உடம்பு, கொதிகலன், கூரைத் தகரம்,
எல்லாம் அந்த ஒரே திருகில்.
திருகிலிருந்து ஏரிக்கு.
நியூட்ரலிலிருந்து திருகுக்கு அந்த ஒல்லிக் கோடு.
விரல் மரத்து ஒரு நட்டு கீழே விழுந்தது,
அதைத் தேடியதில் ஆறு நிமிடம் போயிற்று.

முப்பத்தேழாவது நிமிடம் பம்ப் முனகியது.
சோதனைக் கருவியைப் பம்பின் உடம்புக்கு வைத்தேன்.
டிரிப்பர் விழுந்தது.
இம்முறை கேட்டது நான்.

மீண்டும் ஏற்றினோம். மீட்டரில் பூஜ்யம் புள்ளி நாலு.
தடுப்பதற்குள் எர்ச்சிமென் கையுறையைக் கழற்றி
பம்பின் மேல் வைத்துவிட்டான்.
"நடுங்குதே?"
அது ஓடுகிறது, அவ்வளவுதான்.

மாலைக்குள் துளை மூடிக்கொண்டது, கம்பியைப் பிடித்தபடி.
ஜூனில் பனி நகரும்.
கரையில் மூன்று மீட்டர் வயர் சுருட்டி விட்டிருக்கிறேன்.
அதன் மேல் விறகு அடுக்காதே என்று
இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.