பாதை இல்லாத பொருள்

மணலி யார்டில் பெட்டிக்குத் தெரு கிடையாது.
நாலு எழுத்து, ஏழு எண்.
சொன்னால் கிரேன் எடுத்துத் தரும்.

"இதத்தான் ராவெல்லாம் எழுதினுகீறியா?"
டிரெய்லர் சன்னலில் முழங்கையோடு எபினேசர்.

இதேதான்.
ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இல்லை.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்,
யாருடையது, என்ன கனம், கடைசியாய்த் தொட்டது எப்போது,
எல்லாம் அதன் உடம்பிலேயே.
மூலநிரல் திறந்து கிடக்கிறது,
யாரும் வந்து திருத்தலாம்.

அவன் ரோட்டைப் பார்த்தான்.
கால்வாய்க் கரை, மூன்றாம் சந்து, பதினேழு:
போன மாதம் புல்டோசர் அழித்த பாதை.
அவன் கேஸ் புத்தகம் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறது.

பாதை போனாலும் பொருள் போகாது, எபி.
திறந்து வைத்திருக்கும் கடைசிக் கை விடும்வரை
டிஸ்க் அந்த இடத்தை
இன்னொருத்தருக்குத் தராது.

"டிஸ்க்கு தராது,
சர்தான்"
என்று கிளட்சை மிதித்தான்.